கத்தியை மறந்துவிட்டு வந்த மேக்பெத்

காலேஜில் படிக்கும்போது என்னை ஒருதடவை கொலை செய்தார்கள். செய்தவன் என் ரூம்மேட். அதற்குக் கால் மணி நேரம் முன்பு வரை இரண்டு பேரும் ஒரே டம்ளரில் டீயை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம்.

நாடகம் ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’. தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஆண்கள் கல்லூரியில், இலக்கிய மன்ற ஆண்டுவிழா. எங்கள் பேராசிரியர் ஒருவர் அதை உரைநடைத் தமிழில் எழுதியிருந்தார். தமிழ் மேடைக்கு இது புதிதில்லை, பம்மல் சம்பந்த முதலியார் இதே நாடகத்தை ‘மகபதி’ என்று அந்தக் காலத்திலேயே தமிழாக்கிவிட்டார். ஆனால் எங்கள் சாருக்குத் தானே எழுதிப் பார்த்தால்தான் திருப்தி.

எனக்கு டங்கன் வேடம். ஸ்காட்லாந்து அரசர். வகுப்பில் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தவன் நான், ஒட்டுத்தாடி வைத்தால் கிழவன் என்று நம்பலாம். உண்மையான காரணம் வேறு. எனக்கு வசனம் மனப்பாடம் ஆகாது. டங்கனுக்கு மூன்றே காட்சிகள். போர்க்களச் செய்தி கேட்பார். ஜெயித்து வந்த தளபதி மேக்பெத்தை வரவேற்றுவிட்டு, தன் மூத்த மகன் மால்கமை அடுத்த வாரிசாக அறிவிப்பார். பிறகு மேக்பெத்தின் கோட்டைக்கு விருந்தாளியாக வருவார். அதோடு சரி. சாப்பிட்டுத் தூங்கப் போகிறவரை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. பிணத்தைக்கூட மேடைக்குக் கொண்டுவருவதில்லை.

“சார், குத்தும்போது உள்ளே இருந்து ஒரு ‘ஆ’ சொல்லட்டுமா?” என்று ஒத்திகையில் கேட்டுப் பார்த்தேன். கூடாது என்றார். ஷேக்ஸ்பியர் எழுதவில்லையாம்.

எழுதவில்லைதான். அந்த இரவில் என்னென்ன சத்தம் கேட்டது என்று நாடகத்திலேயே கணக்கு இருக்கிறது. ஆந்தை அலறியது. பூச்சிகள் கத்தின. பக்கத்தில் படுத்திருந்தவர்களில் ஒருவன் தூக்கத்தில் சிரித்தான், இன்னொருவன் ‘கொலை’ என்று பிதற்றினான், இருவரும் விழித்துச் சாமி கும்பிட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனார்கள். செத்தவரிடமிருந்து மட்டும் ஒரு முனகல்கூடக் கிடையாது.

ஆக, இரண்டாம் அங்கத்தில் என் இடம் இடப்பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்ச். அந்தப் பெஞ்சில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதில் ரத்தம். ஆசிரியர்கள் பேப்பர் திருத்துகிற சிவப்பு மையில் சர்க்கரைப் பாகைக் கலந்து காய்ச்சியது. பாகு கெட்டியாக இருப்பதால் விரலிலிருந்து ரத்தம் மாதிரியே மெதுவாக இறங்கும். கிண்ணத்துக்குப் பக்கத்தில் சில்வர் பேப்பர் ஒட்டிய இரண்டு மரக்கத்திகள். மேக்பெத் உள்ளே வந்து இரண்டு கையையும் கிண்ணத்தில் முக்கி, கத்திகளிலும் தடவி, அவற்றைப் பிடித்துக்கொண்டு மேடைக்குத் திரும்ப வேண்டும். பெஞ்சின் ஓரத்தில் நான், தலையில் கிரீடத்தோடு. டிரஸ் வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் ஸ்காட்லாந்து ராஜாவுக்கு ஒரு கிரீடம் வேண்டும் என்று கேட்டால், முருகன் வேஷத்துக்கு வைத்திருப்பதைத்தான் தந்தார்கள்.

விழா அன்று ரூம்மேட் உள்ளே வந்தான். முகமெல்லாம் வேர்வை. கையைக் கிண்ணத்தில் விட்டான், எடுத்தான், நடுங்கினான். நடிப்பு இல்லை, நிஜ நடுக்கம். வெளியே லேடி மேக்பெத் தன் வசனத்தை முடிக்கும் குரல் கேட்டதும் ஓடிவிட்டான். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறேன், கத்திகள் இரண்டும் பெஞ்சிலேயே கிடக்கின்றன.

நாடகத்தைப் படிக்காதவர்களுக்கு இதில் என்ன விபரீதம் என்று தோன்றலாம். திட்டம் இதுதான். அரசரின் அறையில் காவலுக்குப் படுத்திருக்கும் இரண்டு பேருக்கு லேடி மேக்பெத் மதுவில் மருந்து கலந்து கொடுத்துவிடுவாள். அவர்களுடைய கத்திகளாலேயே மேக்பெத் அரசரைக் குத்துவான். கத்திகளை அவர்கள் பக்கத்திலேயே போட்டு, ரத்தத்தை அவர்கள்மேல் பூசிவிட்டால், விடிந்ததும் பழி அவர்கள் தலையில். ஆனால் மேக்பெத் புத்தி கலங்கிப்போய் அந்தக் கத்திகளைக் கையில் பிடித்துக்கொண்டே வெளியே வந்துவிடுகிறான். எவ்வளவு நேரம் கழித்து மனைவியின் கண்ணில் அது படுகிறது என்பதுதான் வேடிக்கை. அவன் ஏதோ குரல் கேட்டதாகப் புலம்புகிறான், இவள் தேற்றுகிறாள். அதற்குப் பிறகுதான் கவனித்து, “இந்தக் கத்திகளை ஏன் அங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?” என்று திட்டுகிறாள்.

எங்கள் லேடி மேக்பெத் இரண்டாம் ஆண்டு மாணவன். ஆண்கள் கல்லூரி, வேறு வழியில்லை. ஷேக்ஸ்பியர் காலத்திலும் இந்த வேடத்தை மீசை முளைக்காத பையன்கள்தான் போட்டார்கள் என்று சார் சமாதானம் சொல்லியிருந்தார், இவன் மட்டும் காலையில் ஒருதடவையும் மாலையில் ஒருதடவையும் சவரம் செய்துகொண்டான். திட்ட வேண்டிய இடம் வந்தது. வாயைத் திறந்தவன் கணவனின் கைகளைப் பார்த்தான். சிவப்பாக இருந்தன, காலியாகவும் இருந்தன. அன்றைக்கு எங்கள் மேக்பெத் திட்டத்தை ஒரு பிசகும் இல்லாமல் நிறைவேற்றிவிட்டான்! கத்திகள் எங்கே கிடக்க வேண்டுமோ அங்கேதான் கிடந்தன. அவனைத் திட்ட உலகத்தில் யாருக்கும் எந்தக் காரணமும் இல்லை.

இரண்டு மூன்று விநாடி மேடையில் மயான அமைதி. அப்புறம் அவன், “நான் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்” என்று சொந்தமாக ஒரு வசனத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். வந்தவன் என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, “கத்திய எடுத்துக் கையில குடுத்து விடக் கூடாதால?” என்றான். கொலையான அரசரிடம் கேட்கிற கேள்வியா? கோபத்தில் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை கிண்ணத்தில் அமுக்கி எடுத்தான். பாகு பெஞ்சிலெல்லாம் சிந்தியது. வெளியே கதவு தட்டும் சத்தம். என் பக்கத்திலிருந்த பையன் மேசையைக் குத்திக்கொண்டிருந்தான். லேடி மேக்பெத் மேடைக்குப் போய் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சாருக்குத் தெரிந்தது. மறுநாள் வகுப்பில் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் பாட்டுக்கு வேறு பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்தி, “நேத்து மாதிரி அவன் கத்திய ஒழுங்கா அங்கேயே விட்டுட்டு வந்திருந்தான்னு வை. அவ எதுக்கு உள்ள போகப்போறா? அப்புறம் அஞ்சாவது அங்கத்துல எதைக் கழுவுவா?” என்றார்.

அதிலிருந்து இந்த நாடகத்தை எப்போது எடுத்தாலும் கத்தி இருக்கும் இடத்தில்தான் என் கண் முதலில் போகிறது.

கத்தியோடு வந்தவனை அவள் திரும்பப் போகச் சொல்கிறாள். அவன் மாட்டேன் என்கிறான். செய்ததை நினைக்கவே பயமாக இருக்கிறதாம், மறுபடி பார்க்கத் துணிவில்லையாம். போர்க்களத்தில் ஓர் ஆளைத் தொப்புளிலிருந்து தாடை வரை பிளந்தவன் என்று முதல் அங்கத்தில் அவனைப் புகழ்ந்திருக்கிறார்கள். அவன்தான் தூங்குமூஞ்சிகள் இரண்டு பேரும் ஒரு கிழவரின் உடலும் இருக்கும் அறைக்குள் போகமாட்டேன் என்கிறான். அவள் கத்திகளைப் பிடுங்கிக்கொள்கிறாள். தூங்குகிறவர்களும் செத்தவர்களும் வெறும் படங்கள்தான், படத்தில் வரைந்த பேய்க்குக் குழந்தைதான் பயப்படும் என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

போய்விட்டு வருகிறாள். மேடையில் சில வரிகள் பேசும் நேரம்தான். அந்த அறையில் என்ன பார்த்தாள் என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை. வந்ததும், என் கையும் உங்கள் கை நிறம்தான், ஆனால் இவ்வளவு வெளுத்த நெஞ்சை வைத்துக்கொண்டிருக்க நான் வெட்கப்படுவேன் என்கிறாள். கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவினால் போய்விடும் என்கிறாள். அதே நேரத்தில் அவனோ, சமுத்திர ராஜனின் கடல் முழுவதும் இதைக் கழுவுமா, இல்லை இந்தக் கைதான் கடலையே சிவப்பாக்குமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். சரி, இவன் கவிஞன், இவள் காரியக்காரி என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

ஐந்தாம் அங்கத்தில் அவள் தூக்கத்தில் நடக்கிறாள். கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். அப்போது வாயிலிருந்து விழுகிறது: “அந்தக் கிழவரின் உடம்பில் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?” வெறும் படம் என்று சொல்லிவிட்டுப் போனவள் அறைக்குள் பார்த்தது இதுதான். நமக்கு அந்தத் தகவல் வந்துசேர மூன்று அங்கங்கள் ஆகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்றிரவு அவள் அந்த அறைக்குப் போனது முதல் தடவை அல்ல. கத்திகளை எடுக்க வசதியாக வைத்ததே அவள்தான். அப்போது டங்கன் உயிரோடு தூங்கிக்கொண்டிருந்தார். “தூங்கும்போது என் அப்பா ஜாடை தெரியாமல் இருந்திருந்தால் நானே முடித்திருப்பேன்” என்கிறாள். அப்பா ஜாடையில் தூங்குகிறவரை ஒருதடவை, ரத்தத்தில் கிடக்கிறவரை ஒருதடவை. இரண்டையும் அவள் பார்த்திருக்கிறாள்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய பார்வையாளர் ஒருவருக்கும் கத்திதான் மனதில் நின்றிருக்கிறது. சைமன் ஃபோர்மன் என்று லண்டனில் ஒரு வைத்தியர், ஜோசியமும் பார்ப்பார். 1611 ஏப்ரலில் குளோப் அரங்கில் ‘மேக்பெத்’ பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதி வைத்தார். நாடகம் அச்சில் வந்ததே 1623இல்தான். ஃபோர்மனின் குறிப்பில் சில இடங்கள் நாம் படிக்கும் நாடகத்தோடு ஒத்துப்போகாது. ஆனால் இது இருக்கிறது: அரசனைக் கொன்ற பிறகு மேக்பெத்தின் கையிலிருந்த ரத்தம் எப்படிக் கழுவியும் போகவில்லை, கத்திகளை மறைக்கப்போய்த் தொட்ட அவன் மனைவியின் கையிலிருந்தும் போகவில்லை, இருவரும் திகைத்துப்போனார்கள். நம் கையில் இருக்கும் பிரதியில் இரண்டு பேரும் மேடையில் கை கழுவும் காட்சி அந்த இடத்தில் கிடையாது. அன்றைக்கு நடிகர்கள் அப்படி நடித்தார்களோ, அல்லது தூக்கத்தில் நடக்கும் காட்சியை ஃபோர்மன் தன் ஞாபகத்தில் முன்னால் இழுத்துக்கொண்டாரோ.

அரசனின் கொலையை ஏன் மேடையில் காட்டவில்லை? பரீட்சைக்குப் படிக்கும்போது இதற்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு: பழங்கால மரபு, கோரத்தை மேடையில் காட்டக் கூடாது. கிரேக்கர்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும். கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் எழுதிய நாடகத்தில் அரசன் அகமெம்னான் மாளிகைக்குள் குளிக்கும்போதுதான் வெட்டப்படுகிறான், மேடைக்கு அவன் அலறல் மட்டும் வருகிறது. அப்புறம் கதவு திறந்து உடலைக் காட்டுகிறார்கள். ஷேக்ஸ்பியருக்கு அந்தக் கூச்சமே கிடையாது. ‘மேக்பெத்’தை ஒட்டிய காலத்திலேயே எழுதிய ‘லியர் அரச’னில் ஒரு கிழவரின் இரண்டு கண்களையும் மேடையிலேயே பிடுங்கவைத்தார். இதே ‘மேக்பெத்’தில் மேக்பெத்தின் சக தளபதி பாங்கோவை நம் கண்ணெதிரே வெட்டுகிறார்கள். மேக்டஃப் என்ற பிரபுவின் சின்னப் பையனை அம்மா பார்க்கக் குத்துகிறார்கள். பச்சைக் குழந்தையின் கொலையைக் காட்டத் தயங்காதவர் கிழவரின் கொலைக்கு மட்டும் திரை போட்டாராக்கும்!

இன்னொரு பதில் அரசியல். 1603இல் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார், ஷேக்ஸ்பியரின் குழு ‘அரசரின் குழு’ ஆனது. 1605 நவம்பர் 5 அன்று நாடாளுமன்றத்துக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு ஒருவரைப் பிடித்தார்கள். அரசரையும் சபையையும் சேர்த்துத் தகர்க்கும் சதி. ‘மேக்பெத்’ எழுதப்பட்டது 1606 வாக்கில் என்பார்கள். அப்படிப்பட்ட நேரத்தில், சம்பளம் கொடுக்கிற ராஜாவின் நாட்டு ராஜாவையே மேடையில் குத்திக்காட்டுவது யாருக்குமே வயிற்றைக் கலக்கும்தான். இதில் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆறாம் ஹென்றியையும் இரண்டாம் ரிச்சர்டையும் இதே ஷேக்ஸ்பியர் மேடையிலேயே கொன்றிருக்கிறார், ஆனால் அதெல்லாம் எலிசபெத் ராணி காலம்.

பயத்தால் திரை போட்டிருந்தாலும், போட்ட திரையை அவர் பயன்படுத்திய விதம்தான் எனக்குப் பெரிது. கொலையைக் காட்டியிருந்தால் நாம் டங்கனைப் பார்த்திருப்போம். ஐயோ பாவம் என்றிருப்போம், மேக்பெத்தை வெறுத்திருப்போம். காட்டாததால் காத்துக்கொண்டிருக்கும் பெண்ணோடு நாமும் காத்திருக்கிறோம். அவளோடு சேர்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறோம். எந்த நிமிஷமும் காவலர்கள் விழித்துவிடுவார்களோ, காரியம் கெட்டுவிடுமோ என்று அவள் தவிக்கும்போது, நம்மை அறியாமலே காரியம் கெடக்கூடாது என்று நமக்கும் தோன்றிவிடுகிறது. ஒரு கிழவரைத் தூக்கத்தில் குத்துகிற காரியம்! வெளியே வந்த பிறகு அவர்கள் பேசிக்கொள்வதைப் பாருங்கள்:

“நீங்கள் பேசினீர்களா?”

“எப்போது?”

“இப்போது.”

“நான் இறங்கி வரும்போதா?”

“ஆமாம்.”

இவ்வளவுதான். பாதிக்கு மேல் ஒற்றைச் சொற்கள். எங்கள் ரூம்மேட்டும் அந்த இரண்டாம் ஆண்டுப் பையனும் நாடகம் முழுக்கச் சொதப்பினார்கள், இந்த இடத்தில் மட்டும் அரங்கத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

1957இல் குரோசவா இந்தக் கதையை ஜப்பானுக்குக் கொண்டுபோய்ப் படமாக்கியபோது, கேமராவை மனைவியோடுதான் நிறுத்தினார். ரத்தம் தோய்ந்த ஈட்டியோடு கணவன் வந்து உட்கார்கிறான், இறுகிப்போன விரல்களிலிருந்து அவள் ஈட்டியைப் பிடுங்குகிறாள். கத்தி ஈட்டியாகிவிட்டது, மற்றபடி முடிச்சு அப்படியே. 1971இல் பொலான்ஸ்கி தன் படத்தில் திரையை விலக்கிக் கொலையையே காட்டினார். திறமையாக எடுத்த காட்சிதான். ஆனால் அதைப் பார்த்த பிறகு அந்தக் கிழவரின் ரத்தம் எவ்வளவு என்று எனக்கே தெரிந்துபோனது, லேடி மேக்பெத் வந்து சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

நிஜ டங்கன் கிழவரே இல்லை. 1034இல் அரசராகி 1040இல் எல்ஜின் ஊருக்குப் பக்கத்தில் மேக்பெத்தின் ஆட்களோடு நடந்த சண்டையில் செத்துப்போனார், வயதும் அதிகமில்லை. படுக்கையும் இல்லை, விருந்தும் இல்லை. வடக்கே படையெடுத்துப்போய்த் தோற்றார், அவ்வளவுதான். மேக்பெத் அதன்பிறகு 17 வருஷம் ஆண்டிருக்கிறான். 1050இல் ரோமாபுரிக்கு யாத்திரை போய் ஏழைகளுக்கு விதை தூவுகிற மாதிரிப் பணத்தை வாரி இறைத்தான் என்று பழைய குறிப்பு இருக்கிறது. நாட்டில் பயம் இருந்தால் ஓர் அரசன் நாட்டை விட்டுவிட்டு அத்தனை தூரம் போவானா?

ஷேக்ஸ்பியருக்குக் கதை கிடைத்தது ஹாலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்பிலிருந்து. அதிலும் டங்கனைக் கொன்ற விதம் பெரிதாகச் சொல்லப்படவில்லை. பாங்கோ முதலிய நண்பர்களோடு கலந்துபேசிக் கொன்றான் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். பாங்கோ தன் முன்னோர் என்று ஜேம்ஸ் அரசரின் வம்சம் சொல்லிக்கொண்டது, அதனால் நாடகத்தில் பாங்கோவுக்குக் கொலையில் பங்கில்லை. (பாங்கோ என்று ஒருவர் இருந்ததற்கே ஆதாரமில்லை என்பது தனிக் கதை.) படுக்கையறை, மூக்குமுட்டத் தின்று குடித்துத் தூங்கிப்போகும் காவலர்கள், தூண்டும் மனைவி, மறுநாள் காவலர்களையும் கொன்றுவிடுவது எல்லாம் அதே தொகுப்பில் வேறு ஒரு கொலையிலிருந்து எடுத்தவை. டஃப் என்ற அரசனை டான்வால்ட் என்ற கோட்டைக் காவலன் கொன்ற கதை. அந்தக் கதையில் டான்வால்ட் கத்தியைத் தொடுவதே இல்லை. நான்கு வேலைக்காரர்களை அனுப்பிக் கழுத்தை அறுக்கச் சொல்கிறான். அவர்கள் உடலைத் தூக்கிப்போய் ஓர் ஆற்றின் அடியில் புதைத்துவிடுகிறார்கள்.

ஷேக்ஸ்பியர் அந்த நான்கு வேலைக்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கத்தியை மேக்பெத்தின் கையில் கொடுத்தார். பிறகு அந்தக் கையிலிருந்து அவன் மனைவியின் கைக்கு. ஆள்வைத்துச் செய்திருந்தால் யாருக்குக் கை கழுவும் வேலை இருந்திருக்கும்? பின்னால் பாங்கோவையும் மேக்டஃபின் குடும்பத்தையும் கொல்ல மேக்பெத் கூலிக்கு ஆள் அனுப்புகிறான். அந்த ரத்தத்தைப் பற்றி அவன் கடலை எல்லாம் கூப்பிடுவதில்லை.

டங்கன் வேடம் போட்டவன் என்ற முறையில் அவர் சார்பில் ஒரு வார்த்தை. விமர்சகர்கள் அவரை அசடு என்பார்கள். ஏற்கெனவே நம்பிக்கைத் துரோகம் செய்த ஒரு பிரபுவுக்கு மரணதண்டனை கொடுத்த கையோடு, முகத்தைப் பார்த்து மனதைக் கண்டுபிடிக்க வித்தை ஏதும் இல்லை, அவனை முழுதாக நம்பியிருந்தேன் என்று டங்கன் சொல்லி முடிக்கிறார். அந்த வரி முடிவதற்குள் மேக்பெத் உள்ளே நுழைகிறான், அவனைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறார். கூட்டம் சிரிக்கும். மேக்பெத்தின் கோட்டை வாசலில் நின்று, காற்று எவ்வளவு இதமாக இருக்கிறது என்கிறார். பக்கத்தில் நிற்கும் பாங்கோ, சுவரெங்கும் கூடு கட்டியிருக்கும் குருவிகளைக் காட்டி, இது வாழ்கிற இடத்தில் காற்று நன்றாகத்தான் இருக்கும் என்கிறார். இன்வர்னஸ் கோட்டை அவ்வளவு ரம்மியமாக நாடகத்தில் வேறு எங்கும் வராது. அன்றிரவு தூங்கப்போகும் முன் வீட்டுக்கார அம்மாளுக்கு அன்பளிப்பாக ஒரு வைரம் கொடுத்தனுப்புகிறார். வேலைக்காரர்களுக்கும் வெகுமதி. ரொம்பத் திருப்தியாக இருக்கிறார் என்று பாங்கோ சொல்கிறார்.

அசடாக எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்ட வீட்டில் நிம்மதியாகப் படுத்தவர். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்பவர்களைப் பற்றி நம்மிடம் பழமொழி உண்டு, உண்ணக் கூப்பிட்டவனே ரெண்டகம் செய்தால் அதற்குப் பழமொழிகூடக் கிடையாது. மேக்பெத்துக்கே இது தெரியும். நான் அவருக்கு உறவுக்காரன், அவருடைய குடிமகன், அதற்கு மேல் வீட்டுக்காரன், கொலைகாரன் வந்தால் கதவைச் சாத்த வேண்டியவன் நான் என்று தனியாக நின்று கணக்குப் போடுகிறான். விடிந்து விஷயம் வெளியே வந்ததும் லேடி மேக்பெத் கேட்பது, “என்ன, நம்ம வீட்டிலா?” பாங்கோவின் பதில், “எந்த வீட்டில் என்றாலும் கொடுமைதான்.” இந்த இரண்டு வரிகளுக்காகவே பாங்கோ வேடம் போடலாம்.

கதவு தட்டும் சத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. கொலை முடிந்து, கைகள் சிவந்து, இருவரும் நிற்கும்போது கோட்டை வாசலை யாரோ தட்டுகிறார்கள். தாமஸ் டி குவின்சி 1823இல் இந்தச் சத்தத்தைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். கொலையின்போது உலகம் நின்றுவிடுகிறது, தட்டும் சத்தத்தில்தான் மறுபடி ஓடத் தொடங்குகிறது, அப்போதுதான் நின்றிருந்ததே நமக்கு உறைக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம். “உன் தட்டலில் டங்கன் விழிக்கட்டும், விழித்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!” என்று மேக்பெத் சொல்லும்போது திரைக்குப் பின்னால் நான் நன்றாகவே விழித்துக்கொண்டிருந்தேன்.

தட்டத் தட்ட வருகிறான் வாயில்காவலன், முழுப் போதை. தன்னை நரகத்தின் வாசல்காவலனாக நினைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வரவேற்கிறான். அதில் ஒருவன் இரண்டு பக்கத்துக்கும் சத்தியம் செய்து மழுப்பிப் பேசுகிறவன். வெடிமருந்துச் சதி வழக்கில் அப்படி மழுப்பிப் பேசிய ஹென்ரி கார்னெட் என்ற பாதிரியாரை 1606 மே மாதம் தூக்கிலிட்டிருந்தார்கள். லண்டன் கூட்டத்துக்கு உடனே புரிந்திருக்கும். எங்கள் கூட்டத்துக்குப் புரியாது என்று சார் அதை வெட்டிவிட்டு, பாஸ் மார்க் போடாத வாத்தியார் ஒருவரை நரகத்தில் சேர்த்திருந்தார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

மேக்பெத் முடிசூட்டிக்கொள்வதும் மேடையில் கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? ஸ்கூன் என்ற ஊருக்குப் போயிருக்கிறான் என்று போகிறபோக்கில் ஒருவர் சொல்வார். எங்கள் நாடகத்தில் அது பெஞ்சுக்குப் பக்கத்தில் நடந்தது. ரூம்மேட் வந்து கையை நீட்டி, “கிரீடத்தக் கழட்டுல” என்றான். கழற்றிக் கொடுத்தேன். அவன் தலைக்குப் பெரிதாக இருந்தது, பேப்பரை மடித்து உள்ளே செருகிக்கொண்டான். நாடகம் முடியும்வரை அது இடப்பக்கம் சாய்ந்தபடியேதான் இருந்தது.

எனக்கு வேலை முடியவில்லை. ஆள் பற்றாக்குறை, அதனால் ஐந்தாம் அங்கத்தில் நான்தான் வைத்தியர். ஒட்டுத்தாடியைப் பிய்த்துவிட்டு ஒரு கறுப்பு அங்கி. தூக்கத்தில் நடக்கும் அரசியைப் பக்கத்தில் நின்று பார்த்து, அவள் சொல்வதை நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கிழவரின் ரத்தத்தைப் பற்றி அவள் சொல்லும்போது மூன்றடி தூரத்தில் நிற்கப்போவது அந்தக் கிழவரேதான்.

லேடி மேக்பெத்தைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். குழாயடியில் குனிந்து நின்றுகொண்டிருந்தான். புடவைக்கு மேல் வெள்ளை அங்கி, பக்கத்தில் விடுதியிலிருந்து யாரோ கொண்டுவந்த லைஃப்பாய் சோப்பு. பாகு போய்விட்டது, மை போகவில்லை. நகக்கண்ணிலெல்லாம் சிவப்பு. தேய்த்துக்கொண்டே இருந்தான்.

“இது போவ மாட்டேங்குல.”

“போக வேண்டாம். அப்படியே வா, நம்ம காட்சி வந்தாச்சு” என்றேன்.